நாய்க்கு இதய மாத்திரை: வீட்டில் கவனிக்க வேண்டியவை

வயதான பொமரேனியனையோ டாஷண்டையோ தடுப்பூசிக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதயத்தில் முணுமுணுப்பு இருக்கிறதே" என்பார். சிறிய இன நாய்களுக்கு வயதாக ஆக, இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்பக்கமாகக் கசிகிறது. அந்தக் கசிவின் ஓசைதான் அது. நாய்களிடம் அதிகம் காணப்படும் இதய நோய் இதுவே.

இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் எது ஒத்துக்கொள்கிறது, எது அதிகமாகிவிட்டது என்று நாய் சொல்லாது. அளவை முடிவு செய்வது டாக்டர்தான். அதற்கு வேண்டிய தகவல் வீட்டிலிருந்துதான் போக வேண்டும்.

முணுமுணுப்பு என்றாலே மாத்திரையா?

இல்லை. இதயம் பெரிதாகாத வரை பொதுவாக மருந்து தேவைப்படாது. அவ்வப்போது பரிசோதித்தால் போதும். எக்கோ, எக்ஸ்ரே எடுத்து இதயம் பெரிதாகியிருப்பது உறுதியானால் பிமோபெண்டன் தொடங்குவார்கள். இந்தக் கட்டத்தில் இருந்த 360 நாய்களை வைத்து நடந்த ‘எபிக்’ ஆய்வு 2016-இல் வெளியானது. பிமோபெண்டன் சாப்பிட்ட நாய்களுக்கு இதயச் செயலிழப்போ இதய நோயால் மரணமோ நேர்வது ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போனது.

நுரையீரலில் நீர் கோத்த பிறகு, நீரை வெளியேற்ற ஃபுரோசமைடும், அதனுடன் எனலாபிரில் அல்லது பெனாசெப்ரில், ஸ்பைரனோலாக்டோன் ஆகியவையும் சேரும். எல்லா இதய நோய்க்கும் ஒரே மருந்து கிடையாது. பெருந்தமனி வாய் குறுகிய நாய்க்குப் பிமோபெண்டன் கொடுக்கக் கூடாது. தெரிந்தவர் வீட்டு நாயின் சீட்டைப் பார்த்து மருந்து வாங்குவது இதனால்தான் ஆபத்து.

நேரம் தவறாமல், அளவு மாறாமல்

பிமோபெண்டனை 12 மணி நேர இடைவெளியில், சாப்பாட்டுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுப்பது நல்லது. வயிறு நிறைந்திருந்தால் மருந்து உடலில் சேர்வது குறையும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 40 மில்லிகிராம் ஃபுரோசமைடு மனிதர்களுக்கான அளவு. சிறிய நாய்க்குக் கால் மாத்திரைதான் எழுதியிருப்பார்கள். பிளேடால் வெட்டினால் துண்டுகள் ஒரே அளவாக வராது. மாத்திரை வெட்டும் சிறு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். அம்மா ஒரு தடவை, அது தெரியாமல் மகன் ஒரு தடவை என்று இரண்டு முறை கொடுத்துவிடுவதும் உண்டு. கொடுத்தவர் உடனே தினசரி காலண்டரில் குறித்துவிட வேண்டும். நாய் தேறிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அது தேறியிருப்பதே மாத்திரையால்தான்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

நாய் நன்றாகத் தூங்கும்போது, நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒரு மூச்சாக வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருப்பது நல்லது. வழக்கத்தைவிடக் கூடிக்கொண்டே போனாலோ, தொடர்ந்து 30-ஐத் தாண்டினாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். நுரையீரலில் மறுபடி நீர் கோக்கத் தொடங்குவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் இதுதான். வெயிலில் இரைக்கும்போதும் விளையாடி வந்தவுடனும் எண்ணினால் கணக்குத் தவறும்.

தண்ணீர், உப்பு, இளநீர்

ஃபுரோசமைடு சாப்பிடும் நாய் அதிகம் சிறுநீர் கழிக்கும், அதிகம் தண்ணீர் குடிக்கும். வீடெல்லாம் ஈரமாகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டால் உடல் வறண்டு சிறுநீரகம் கெடும்.

கருவாடு, அப்பளம், சிப்ஸ், ஊறுகாய் பிசைந்த சோறு எதுவும் வேண்டாம். இந்துப்பும் சோடியம் உப்புதான். அதற்குச் சலுகை இல்லை. எனலாபிரில், ஸ்பைரனோலாக்டோன் இரண்டும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. இளநீரிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால், டாக்டரைக் கேட்காமல் தினமும் கொடுக்காதீர்கள். மாத்திரையை மறைத்துக் கொடுக்க, உப்பில்லாமல் வேகவைத்த சிறு கோழித்துண்டு போதும்.

சேரக்கூடாத மருந்துகள்

மூட்டு வலிக்கு நாய்களுக்கே எழுதப்படும் மெலாக்சிகாம், கார்புரோஃபென் கூட ஃபுரோசமைடு, எனலாபிரில் ஆகியவற்றோடு சேரும்போது சிறுநீரகத்தைத் தாக்கலாம். வேறு டாக்டரிடம் போனால் எல்லா மருந்து அட்டைகளையும் காட்டுங்கள். நாம் சாப்பிடும் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் நாய்க்கு அறவே ஆகாது.

சிறுநீரகமும் பொட்டாசியமும் பாதிக்கப்படலாம் என்பதால்தான் இதய மருந்து தொடங்கி அல்லது அளவு மாற்றி ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியத்தையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்கிறார்கள். நாய் சுறுசுறுப்பாக இருக்கிறதென்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எப்போது டாக்டர்? எப்போது ஓட்டம்?

வாந்தி, பேதி, சாப்பாட்டில் வெறுப்பு, தள்ளாட்டம் தெரிந்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். டிகாக்சின் என்ற இதய மருந்து சாப்பிடும் நாயென்றால் இன்னும் கவனம் தேவை. தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் அதில் இடைவெளி மிகக் குறைவு.

இறைச்சி மணமூட்டிய மாத்திரைகளை நாய் அட்டையோடு கடித்துத் தின்றுவிடும். எட்டாத அலமாரியில் வையுங்கள். தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். மிச்சமிருக்கும் அட்டையோடு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மூச்சுவிடத் திணறுவது, ஈறும் நாக்கும் நீலம் பாரிப்பது, மயங்கி விழுவது ஆகியவை காலைவரை காத்திருக்கக் கூடியவை அல்ல. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை இன்றே விசாரித்து, காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.