இரவு ஏழு மணியின் விலை

மாதம் 30 அலகு மின்சாரம் பாவிக்கும் வீடு எப்படியிருக்கும் என்று முல்லைத்தீவின் முள்ளியவளையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாலைந்து குமிழ்கள், ஒரு மின்விசிறி, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு செருகி, சிலவேளை சின்னத் தொலைக்காட்சி ஒன்று. குளிர்சாதனப் பெட்டி இராது. அந்த வீட்டுக்கு 2022 ஜூலை வரை வந்த கட்டணம் 105 ரூபா. அலகுக்கு 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. ஓகஸ்டில் அது 360 ரூபாவாகியது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்று அறிவித்தார்கள். அதே குமிழ்கள், அதே விசிறி, பில் மட்டும் 1,300 ரூபா. ஓராண்டு முடியுமுன் பன்னிரண்டு மடங்கு.

பிறகு கட்டணம் பலமுறை குறைந்தது, 2025 ஜூனில் சராசரியாக 15 வீதம் திரும்ப ஏறியது. ஆனால் அந்த 1,300 ரூபா பில்லை மறந்தவர்கள் இங்கே குறைவு. தன் வீட்டில் ஒரு குமிழைக்கூடக் கூட்டாத குடும்பம், உலகச் சந்தையின் நிலக்கரி விலையையும் டொலரின் விலையையும் தன் கறண்ட் பில்லில் வாசிக்க நேர்ந்த மாதம் அது.

2014 முதல் எட்டு ஆண்டுகள் கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்தார்கள். நட்டம் மின்சார சபையின் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டிருந்தது. 2022இல் நாட்டிடம் டொலர் தீர்ந்தபோது மூடி திறந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும், தலா 300 மெகாவாற், இறக்குமதி நிலக்கரியில் ஓடுபவை. மழை குறைந்து நீர்மின் தேக்கங்கள் வற்றினால் மிச்சத்துக்கு டீசலும் உலை எண்ணெயும் வேண்டும். கப்பலுக்குக் கட்டக் காசில்லாத மார்ச் 31ஆம் திகதி நாடு பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. முல்லைத்தீவுக் கரையில் படகு ஓடுவதும் தோட்டத்துக் கிணற்றில் பம்ப் ஓடுவதும் அந்த எண்ணெயில்தான்.

வெயிலுக்கும் காற்றுக்கும் மாதாமாதம் டொலர் கட்டத் தேவையில்லை. தகடும் காற்றாலையும் இறக்குமதிதான், ஆனால் ஒருமுறை வாங்கினால் இருபது வருடம் உழைக்கும். பெரிய சூரிய நிலையங்களில் ஒரு அலகு மின்சாரத்தின் அடக்கவிலை 2010க்குப் பின் உலகளவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக இறங்கிவிட்டது. சம்பூரை எடுத்துக்கொள்ளலாம். போரில் இடம்பெயர்ந்த மக்களின் அந்த மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் கட்டுவதாக இருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டியது அதே சம்பூரின் 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்துக்கு. ஆகவே பகல் நேரத்துக்கு எது மலிவு என்ற விவாதத்தை முடித்துவிடலாம். வெயில்தான் மலிவு. முடியாமல் இருப்பது இரவைப் பற்றிய விவாதம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணி தாண்டி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சர் சொன்னார். ஊடகங்கள் குரங்கோடு நின்றுவிட்டன. பொறியியலாளர்கள் பார்த்தது வேறொன்றை. விடுமுறை நாள் என்பதால் பாவனை குறைவு, நல்ல வெயில், ஆகவே அந்த நேரத்து மின்சாரத்தில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகப் பெரிது. அதனால் ஒரு சிறு அதிர்வைத் தாங்கும் பலம் வலையமைப்பிடம் இருக்கவில்லை.

அந்தப் பலம் என்னவென்று வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தொண்ணூறுகளைக் கடந்தவர்களுக்குக் கையால் தெரியும். எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டிருந்த நாளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். கை ஓய்ந்தாலும் சில்லு தன் பாரத்தால் இன்னும் சில நொடி சுற்றும், அதுவரை செய்தியும் கேட்கும். பெரிய மின்நிலையங்களில் நடப்பதும் இதுவே. நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும் பல தொன் எடையுள்ள சுழலிகள், எங்கோ ஒரு கோளாறு வந்தால் தம் சுழற்சியின் சக்தியைக் கொடுத்து வலையமைப்பின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று விழாமல் சில நொடி பிடித்துவைக்கின்றன. அந்தச் சில நொடிக்குள் மற்ற இயந்திரங்கள் சுதாரித்துக்கொள்கின்றன. சூரியத் தகட்டில் சுழல எதுவும் இல்லை. அதன் மின்மாற்றுக்கருவி வலையமைப்பைப் பார்த்தே நடக்கும், அதிர்வெண் எல்லை மீறினால் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கூரைகள் ஒரே நொடியில் துண்டித்துக்கொண்டால் விழுந்துகொண்டிருந்த வலையமைப்பு இன்னும் வேகமாக விழும்.

இதை வைத்து ‘சோலார்தான் நாட்டை இருட்டாக்கியது’ என்று பேசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தென் அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பர் 28 அன்று ஒரு பெரும் புயலில் முழுமாநிலமாக இருண்டது. அங்கும் காற்றாலைகள்மேல் பழி போட்டார்கள். ஆனால் அந்த மாநிலம் காற்றாலைகளைக் கழற்றவில்லை. அடுத்த ஆண்டே ஹோன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாற் பற்றரி நிலையத்தை இயக்கியது. அதிர்வெண் ஆடினால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரம் கொடுக்கும் பற்றரி அது. பின்னர் எரிபொருள் இல்லாமல் பாரத்துக்காக மட்டுமே சுழலும் நான்கு பெரிய இயந்திரங்களையும் நிறுவினார்கள். டைனமோச் சில்லை மட்டும் தனியாக வாங்கிவைத்தது போல. இலங்கைக்கும் இதே மருந்துதான். நாங்கள் தகடு பூட்டிய வேகத்துக்கு மருந்தை வாங்கவில்லை.

வாங்காததன் விலை 2025 சித்திரைப் புத்தாண்டில் தெரிந்தது. தொழிற்சாலைகள் மூடிய வாரம், பாவனை அடிமட்டத்தில். ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டது. அதே நாட்களின் இரவில் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தன. வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவை நினைத்துப் பாருங்கள். முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளை வரை வீதியெல்லாம் விளக்கு. அந்த வெளிச்சத்தில் அன்றைய பகல் வெயிலின் பங்கு ஏறத்தாழ இல்லை. இந்த நாட்டின் பாவனை உச்சம் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. சூரியன் போன பிறகுதான் எங்களுக்கு மின்சாரம் வேண்டும்.

பகல் வெயிலை இரவுக்குக் கொண்டுபோவதற்கு அரசே ஒரு விலை குறித்தது, அதைக் கவனித்தவர்கள் குறைவு. 2016இல் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது வீட்டுக்காரர் கொடுக்கும் ஒரு அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா தந்தார்கள். நெருக்கடிக் காலத்தில் அது ஏறி, 2025இல் புதிதாக இணைவோருக்கு, 5 கிலோவாற்றுக்கு உட்பட்ட தொகுதிகளுக்கு, 20.90 ரூபாவாக இறங்கியது. அதே மின்சாரத்தைப் பற்றரியில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் கொடுத்தால் 45.80 ரூபா. இரண்டுக்கும் இடையிலுள்ள 24.90 ரூபாதான் வெயிலை இரவு ஏழு மணிவரை கொண்டுபோகும் கூலி. லித்தியம் பற்றரியின் உலகச் சந்தை விலை 2010க்குப் பின் பத்தில் ஒன்றளவுக்கு இறங்கி, இன்னும் இறங்கிவருவதால் இந்தக் கூலி இன்னும் குறையும். உப மின்நிலையங்களில் தலா 10 மெகாவாற் வீதம் பதினாறு பற்றரித் தொகுதிகளுக்கு மின்சார சபை 2025இல் கேள்விப்பத்திரம் கோரியது. பத்து வருடத்துக்கு முன்னரே திட்டமிட்டிருக்க வேண்டியது, இப்போதாவது வரட்டும்.

காற்றுக்கு மாலை ஆறு மணி என்று ஒன்றில்லை. சோளகம் வைகாசியில் எழும்பினால் புரட்டாதி வரை இரவும் பகலும் வீசும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். அதனால்தான் எல்லாரும் மன்னாரையும் பூநகரியையும் பார்க்கிறார்கள். பளையில் 2014இலேயே தலா 10 மெகாவாற் கொண்ட இரண்டு காற்றாலைப் பண்ணைகள் வந்தன. மன்னாரில் முப்பது காற்றாலைகளோடு தம்பபவனி 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் அமைக்க வந்தது, போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமல். அதற்கு 2024இல் அனுமதித்த விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். எதிர்ப்பும் வழக்குகளும் சூழ, விலையை மீளப் பேச அரசு முற்பட்டபோது 2025 பெப்ரவரியில் அது விலகிக்கொண்டது. சில மாதத்தில் மன்னாரில் 50 மெகாவாற்றுக்கு வேறொரு நிறுவனத்தோடு போட்டி விலையில் செய்த ஒப்பந்தம் 4.65 சதம். அளவும் நிபந்தனையும் வேறு என்பது உண்மை. ஆனாலும் காற்றின் விலையைக் காற்று மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியதைக் கொழும்பில் சிலர் ‘அபிவிருத்திக்கு எதிர்ப்பு’ என்று எழுதினார்கள். அது நியாயமில்லை. மன்னார்த் தீவு கடல்மட்டத்தோடு ஒட்டிய தட்டை நிலம். காற்றாலைக்குப் போட்ட வீதிகள் வெள்ளம் வடியும் வழியை மறிக்கின்றன என்பது அவர்கள் முறைப்பாடு. வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் வந்திறங்கும் வழியில் அந்தத் தீவு இருக்கிறது, வங்காலை சரணாலயம் ராம்சர் ஈரநிலம். இந்த மக்கள் காற்று மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கே, யாரைக் கேட்டு என்று கேட்டார்கள். வடக்குக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமையும் உண்டு. சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய தனியார் மின்நிலையத்தின் கழிவு கிணறுகளுக்குள் இறங்கியபோது எங்களைக் கேட்டவர் யார்? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. எண்ணெய் மின்சாரத்தின் அலகு விலையில் அந்தக் கிணறுகள் ஒருநாளும் சேர்க்கப்பட்டதில்லை.

அந்தக் கணக்கில் சேராத இன்னொன்று காலநிலை. உலகின் கரிக்காற்றில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும், அது எங்கள் மேலும் கொட்டும். 2018 டிசம்பரில் ஓரிரு நாளில் பெய்த மழையில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மூழ்கின. 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்களுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறியது. 2025 நவம்பரில் டித்வா நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. ஒவ்வொரு புயலையும் கரிக்காற்றின் தலையில் கட்ட முடியாது என்பதை ஏற்கிறேன். கனமழையின் அளவு கூடிவருவது மட்டும் அளந்து அறிந்த உண்மை. காலபோகத்தை நம்பி வாழும் ஊருக்கு அது போதுமான காரணம்.

தண்ணீரூற்றுப் பக்கம் கச்சான் செய்கிற ஒருவரின் தோட்டத்தில் மண்ணெண்ணெய்ப் பம்ப் ஒரு மூலையில் கிடக்கிறது. நாலு தகடு, ஒரு பம்ப், மேட்டில் ஒரு சீமெந்துத் தொட்டி. பற்றரி இல்லை. “பனல் போட்டாப் பிறகு விடியக் காலமை எழும்பி இறைக்கிறதை விட்டிட்டன். வெயில் ஏறட்டும், பத்து மணிக்குத் தண்ணி தானா வரும். முகில் மூடினாக் கொஞ்சம் நிண்டு வரும். தொட்டி நிறைஞ்சாக் காணும் தம்பி,” என்றார். தொட்டியை நிரப்பிவிட்டு, வேண்டிய நேரத்தில் குழாயைத் திறந்து பாத்திகளுக்கு விடுகிறார். மின்சாரத்தைச் சேமிக்காமல் வேலையைச் சேமிப்பது எத்தனை மலிவு என்பதை அங்கே பார்த்தேன். நெல் அரைப்பது, தண்ணீர் இறைப்பது, ஐஸ் செய்வது போன்ற வேலைகளைப் பகலுக்கு மாற்றினால் இரவுக்கு வேண்டிய பற்றரியும் சுருங்கும். பகல் மின்சாரத்துக்கு மலிவுக் கட்டணம் வைத்தால் ஆலைக்காரர் தாமாகவே மாறுவார்கள்.

எனக்குள்ள பெரிய கவலை 30 அலகு வீட்டைப் பற்றியது. 5 கிலோவாற் தொகுதி போட வசதியுள்ளவர் மாதம் 200 அலகுக்கு மேல் எரிப்பவர், உயர்ந்த கட்டணத்தால் ஏழை வீட்டின் குறைந்த கட்டணத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவரும் அவரே. அவர் கூரைக்கு மாறியதும் அந்தத் தாங்கல் போய்விடும். கம்பிக்கும் மின்மாற்றிக்கும் ஆகும் செலவு குறையாது, மிஞ்சியவர் தலையில் ஏறும். மானியம் கூரையைப் பார்த்துப் போகாமல் சிறிய வீட்டைப் பார்த்துப் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழி ஊரிலேயே இருக்கிறது. வன்னியில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூரை இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது. எங்கள் வெயிலில் ஒரு கிலோவாற் தகடு நாளுக்கு 4 அலகு தரும் என்று அடக்கமாக வைத்தாலும், 5 கிலோவாற் தொகுதி மாதம் 600 அலகு தரும். இருபது சிறிய வீடுகளின் முழுப் பாவனை அது. 2025இன் விலையில் பகலிலேயே விற்றால் 12,540 ரூபா, முழுவதையும் பற்றரியில் வைத்து மாலையில் விற்றால் 27,480 ரூபா, சேமிப்பில் இழப்பதைச் சற்றுக் கழித்துக்கொள்ளலாம். தகட்டுக்கும் பற்றரிக்கும் வேண்டிய முதலைக் குறைந்த வட்டிக்குக் கொடுக்க ஒரு வங்கி முன்வந்தால், அந்த இருபது வீட்டின் பில்லைச் சங்கம் தன் இலாபப் பங்கிலிருந்து கழித்துக்கொடுக்கலாம். மாகாணத்துக் கூட்டுறவுத் திணைக்களமும் மின் விநியோகத்துக்குப் பொறுப்பானவர்களும் ஒரு மேசையில் இருந்து பேசினால் முள்ளியவளையில் முதல் தொகுதியை அடுத்த சிறுபோகத்துக்குள் பூட்டிவிடலாம்.