புல்லட் 350: சிபி பாயிண்ட்

ராயல் என்ஃபீல்டு புல்லட், 346 சிசி, ஒற்றை சிலிண்டர். 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னை திருவொற்றியூரில் தயாரித்த வண்டி.

இதன் எஞ்சினில், மூடி கழற்றிய வட்டப் பெட்டிக்குள் தெரியும் இரண்டு சிறு உலோக முனைகள்தாம் சிபி (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்ட். அவை சேர்ந்திருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் இக்னிஷன் காயிலில் பாய்கிறது. சுழலும் கேம் அவற்றைப் பிரித்ததும் மின்னோட்டம் சட்டென நின்று, காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. பிளக்கில் பொறி பறக்கிறது. பிரியும்போது முனைகள் கருகாமல் காப்பது கண்டன்சர்.

முனைகள் விலகும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேமில் உரசும் பகுதி தேயத் தேய இது குறுகும். பொறி தாமதமாகும், வண்டி இழுக்காது. ஆனால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம். பாயிண்டின் பெருஞ்சிறப்பு அதுவே.

2000க்குப் பின் வந்த புல்லட் எலெக்ட்ராவில் பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு முறை இடம்பெற்றது. காந்தமும் உணர்கருவியும் ஒன்றையொன்று தொடாமலே பொறியின் நேரத்தைக் குறிப்பதால் தேய்மானம் இல்லை. தினமும் ஓட்டுவோருக்கு இது பெரும் நிம்மதி. ஆனால் இம்முறையின் மின்னணுப் பெட்டி பழுதானால் அதை முழுவதுமாக மாற்ற வேண்டும்.