நான்கு துளையும் பொருந்தினால் போதுமா?

பழைய காரில் எஞ்சின் பழுதானால் வழி பிறந்துவிடும். சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம், புஷ்ஷை லேத்தில் செய்துகொள்ளலாம். சிக்கல் வருவது யாரும் பெரிதாக நினைக்காத இரும்பு வீலில்தான். துருவேறி, விளிம்பு நெளிந்து, போல்ட் துளை அகன்றுபோன ஒரு டிஸ்க்குக்கு மாற்று தேடினால் திருப்பதியிலும் சித்தூரிலும் முதலில் கிடைக்கும் யோசனை, “கிட்டத்தட்ட அதே அளவில் வேறு வண்டி வீலைப் போட்டு ஓட்டுங்கள்” என்பதாகவே இருக்கும். அந்தக் ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லை வீல் விஷயத்தில் மட்டும் ஏற்கக்கூடாது என்பது என் கட்சி. திருமலை மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டிய வண்டி என்றால் அறவே கூடாது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். திருப்பதியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் சென்னையில், வண்டலூரை ஒட்டிய தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான கார் அது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். பதின்மூன்று அங்குல வீல், நான்கு போல்ட். போல்ட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மி.மீ. பட்டறையில் பிசிடி என்று சொல்வது இதைத்தான். இன்றைய மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் நான்கு போல்ட் வீல்கள் பெரும்பாலும் 100 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன, பழைய மாருதி 800 போன்றவற்றில் 114.3 மி.மீ. ஃபியட் நெடுங்காலம் கையாண்ட அளவு 98 மி.மீ. ஹெரால்டுக்கு இவை எதுவும் பொருந்தாது. விநோதம் என்னவென்றால், திருப்பதி மாவட்டத்துச் சின்னபண்டூரில் அப்பல்லோ டயர் தொழிற்சாலை 2020 முதல் இயங்குகிறது. டயருக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் அதை மாட்ட வீல் இல்லை.

95.25-க்கும் 98-க்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லையே என்று கேட்கலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இருபது மி.மீ. வித்தியாசம் இருந்தால் வீல் ஏறவே ஏறாது, யாரும் ஏமாற மாட்டார்கள். இரண்டு, மூன்று மி.மீ. என்றால் துளையைக் கொஞ்சம் அராவி, நட்டை வலுவாக முறுக்கி ஏற்றிவிடலாம். ஆனால் அந்தக் காலத்துக் கார்களில் வீலை மையத்தில் நிறுத்துவது நடுவிலுள்ள பெரிய ஓட்டை இல்லை. நட்டின் கூம்பு முனை, டிஸ்க்கில் அதற்கென அழுத்தி எடுத்த குழியில் போய் உட்காருவதுதான். பிசிடி தவறினால் கூம்பு ஒரு பக்கம் மட்டும் உரசும், போல்ட் சற்றே வளையும், சில நூறு கிலோமீட்டரில் நட்டு தளரும். திருமலையிலிருந்து வண்டிகள் இறங்குவது 1944-இல் திறந்த பழைய மலைப்பாதையில். சுமார் 19 கி.மீ. தூரமும் கொண்டை ஊசி வளைவுகள். விடாத பிரேக்கால் டிரம் கொதிக்கும், ஒவ்வொரு வளைவிலும் வீலின் மீது பக்கவாட்டு விசை மாறி மாறி விழும். கார் வீலுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 9436 சோதிப்பதும் இத்தகைய வளைவுச் சுமையில் டிஸ்க் விரிசல் விடாமல் எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான். அராவிய துளையோடு வந்த வீல் அந்தச் சோதனையை நடத்தப்போவது மலையில், ஆட்களை ஏற்றிக்கொண்டு.

பிசிடி சரியாக இருந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். வில்லிஸ் வழிவந்த மஹிந்திரா ஜீப்புக்கும் மாருதி ஜிப்ஸிக்கும் ஐந்து போல்ட், 139.7 மி.மீ.; அளவு அப்படியே ஒன்று. ஆயினும் ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் வேறு. ஆஃப்செட் என்பது, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. வீல் வெளியே தள்ள தள்ள பேரிங் மீது நெம்புகோல்போல் பாரம் கூடும், ஸ்டியரிங் கனக்கும். உள்ளே தள்ளினால் டயர் ஸ்பிரிங்கில் உரசும். பழைய வில்லிஸ் ஜீப்பில் இன்னொரு பொறியும் உண்டு: இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை. தெரியாமல் வழக்கமான திசையில் கழற்ற முயன்று போல்ட்டை முறித்தவர்கள் ஏராளம்.

அடாப்டர் பிளேட் வைத்தால் தீராதா? பிளேட்டின் தடிமன் அளவுக்கு வீல் வெளியே வரும், அவ்வளவு சுமையும் ஆக்சிலுக்குப் போகும். ஹெரால்டின் பின் ஆக்சில் ஷாஃப்டும் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டும் உடைவதற்குப் பெயர்போனவை. அவற்றின் தலையில் இன்னும் ஏற்ற வேண்டுமா? லேத்தில் புதிதாக நான்கு துளை போடலாமே என்பது அடுத்த வாதம். துளை போடலாம், அதைச் சுற்றி அச்சில் அழுத்தி உருவான கூம்புக்குழி வராது. பழைய துளைகளுக்கு இடையில் இருந்த இரும்பும் குறைந்துபோகும்.

எனக்குக் கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. ஐம்பது வருடத்து வீலில் மட்டும் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது? இரும்பும் களைக்கும். நியாயம்தான், அதனால் கண்ணை மூடிக்கொண்டு பழையதை மாட்டச் சொல்லவில்லை. பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி, போல்ட் துளைகளையும் ரிம்மும் டிஸ்க்கும் சேரும் வெல்டிங்கையும் சாயம் ஊற்றிப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் காயலான் கடைக்குப் போகட்டும், வெல்டிங் வைத்து மூடக்கூடாது. பெரும்பாலும் முதலில் கெடுவது டயர் உட்காரும் விளிம்பு. நடு டிஸ்க் நன்றாகவே இருக்கும். அப்போது பழைய நடுப்பகுதியை வைத்துக்கொண்டு அதே அகலமுள்ள புது ரிம் வளையத்தை ஜிக்கில் பொருத்தி வெல்டிங் செய்து, ஓட்டம் பார்த்து வாங்குவதே சரியான வழி. வெளிநாட்டுப் பழைய கார்க்காரர்களும் இதைச் செய்கிறார்கள். செலவு கூடும், இதைச் செய்யத் தெரிந்த பட்டறையும் ஊருக்கு ஊர் இருக்காது. ட்யூபுக்காகச் செய்த பழைய ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லை என்பதால், ரேடியல் போட்டாலும் ட்யூபோடு போடுவதே நல்லது.

தேடுபவர்களுக்குச் சித்தூரின் இருப்பிடம் ஒரு வசதி. கிழக்கே சென்னைப் புதுப்பேட்டை, மேற்கே பெங்களூர் சிவாஜிநகர், இரண்டும் பழைய பாகங்களுக்குப் பேர்போன சந்தைகள். போகும்போது காரின் பெயரை நம்பிப் போகாமல் அளவுகளை எழுதி எடுத்துப் போக வேண்டும். நான்கு போல்ட் என்றால் எதிரெதிர் மையங்களின் தூரமே பிசிடி. ஐந்து போல்ட் என்றால் அடுத்தடுத்த இரண்டின் தூரத்தை 1.7-ஆல் பெருக்கினால் வந்துவிடும். ஹெரால்டுக்காரர்கள் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரையும் நினைவில் வைக்கலாம்: 1980 வரை இங்கிலாந்தில் தயாரான அந்த ட்ரையம்ஃப் காரின் வீலும் அதே 95.25.

இந்தத் தேடலில் இனி போட்டி கூடும். ஐம்பது ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற தனி எழுத்துடன் பதிவு தர 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எழுபதுகளில் பதிவான ஹெரால்டுகளும் அதன் வாரிசான கெசல்களும் ஒவ்வொன்றாக அந்த வயதைத் தொடுகின்றன. அதே வேளையில் ஓடாமல் கிடந்த வண்டிகளோ இரும்பு விலைக்குப் போகின்றன. ஒரு வீல் தேவைப்பட்டுப் போனவர் கண்ணில் நல்ல நிலையில் ஐந்து பட்டால், பேரம் பேசி ஐந்தையும் வண்டியில் ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம்.