கண்டத்தில் பிறக்கும் ஒலி

சந்நிதியில் அர்ச்சனை நடைபெறுகிறது. ஒவ்வொரு நாமமும் ‘நம:’ என்று நிறைவுறுகிறது. நாம் இல்லத்தில் பாராயணம் செய்யும் நூல்களில் அந்த முடிவு இரண்டு புள்ளிகளாக அச்சிடப்பட்டிருக்கும். அதனை நிறுத்தற்குறி என்று எண்ணிக் கடந்து செல்லும் இளையோர் உண்டு. உண்மையில் அது விஸர்கம். தொண்டையிலிருந்து விடுபடும் மூச்சே அதன் ஒலி.

அகரம், ககர வர்க்கம், ஹகாரம், விஸர்கம் ஆகியவற்றுக்குக் கண்டமே பிறப்பிடம் என்பர் வடமொழி இலக்கணத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று எழுத்தொலியாகும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கினார். ககரமோ அடிநாவும் அடியண்ணமும் பொருந்தப் பிறப்பது என்று நுட்பமாக வரையறுத்தார். இன்றைய ஒலியியலாரும் அவ்வாறே கூறுகின்றனர்.

குரல்வளையில் இரு குரல்நாண்கள் உள்ளன. அவை நெருங்கி அதிர்ந்தால் நாதம் பிறக்கும். விலகி நின்றால் மூச்சு மட்டுமே வெளிப்படும். கிருஷ்ண யஜுர்வேதத்தைச் சார்ந்த தைத்திரீயப் பிராதிசாக்கியம், கண்டம் ஒடுங்கியிருக்கையில் நாதமும், திறந்திருக்கையில் சுவாசமும், இடைப்பட்ட நிலையில் ஹகாரமும் தோன்றும் என்கிறது. மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர், கண்ணாடியின் துணையால் தம் குரல்நாண்களின் அசைவைக் கண்டு, 1855-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். நம் முன்னோருக்கு அத்தகைய கருவி இல்லை. ஓதுவதும் உற்றுக் கேட்பதுமே அவர்களுடைய ஆய்வு.

பிற மொழியாரும் தொண்டை ஒலிகளைப் போற்றினர். 8-ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கணம் வகுத்த சீபவைஹி, தொண்டையை ஆழம், நடு, மேல் என மூன்றாகப் பகுத்து எழுத்துகளை வைத்தார். ஹவாய் மொழியில் தொண்டையை ஒருகணம் அடைத்துத் திறப்பதே தனியொரு மெய்யெழுத்து. அதற்கு ‘ஓகினா’ என்று பெயர்.

ஹீப்ரு மொழியின் கதை நம்மைச் சிந்திக்க வைக்கும். அம்மொழியில் ‘அயின்’ என்னும் எழுத்துக்குத் தொண்டையின் அடியில் எழும் ஒலி உண்டு. இன்று அதனைப் பேசுவோரில் பெரும்பாலோர் அவ்வொலியை இழந்துவிட்டனர். எழுத்து மட்டும் எஞ்சியுள்ளது. ஏமன் நாட்டு யூதர்களோ தலைமுறை தலைமுறையாக வேதம் ஓதியும் வழிபட்டும் அதனைக் காத்து வந்தனர். ஏட்டில் எழுத்து இருப்பதனால் ஒலி நிலைப்பதில்லை. நாவிலிருந்து செவிக்குச் சென்றால்தான் நிலைக்கும்.

‘பல் போயிற்று, இனி மந்திரம் சரியாக வராது’ என்று வருந்தும் பெரியோர் உண்டு. விஸர்கத்துக்குப் பல்லும் வேண்டா, இதழும் வேண்டா. உள்ளங்கையை வாயருகே வைத்து ‘ராம:’ என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள். இறுதியில் மூச்சு கையைத் தீண்டும். ‘ஹரி:’ என்பது ‘ஹரிஹி’ போலவும், ‘குரு:’ என்பது ‘குருஹு’ போலவும், முன் நின்ற உயிரின் சாயல் பெற்று முடிவது ஓதுவோர் வழக்கம்.

இன்று மாலை விளக்கேற்றியபின் பேரக்குழந்தையை அருகில் அமர்த்தி அந்த இரண்டு புள்ளிகளைக் காட்டுங்கள். ஒருமுறை நீங்கள் சொல்லுங்கள். பின்னர் குழந்தை சொல்லட்டும். அச்சிட்ட நூல் தர இயலாத அந்த மூச்சை உங்கள் கண்டமே தர இயலும்.