வானொலியில் வருவது ஒலியா?

‘வானொலி’ என்பது இனிய சொல். ஆயினும் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு அச்சொல்லே ஓர் இடர்ப்பாடாகவும் அமைகின்றது. கொழும்பிற் பேசுபவரின் குரலே வான்வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்கின்றதென மாணவர் பலர் எண்ணுகின்றனர். மின்காந்த அலையின் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவனிடத்தும் இவ்வெண்ணம் மறைந்திருத்தலைக் கண்டிருக்கின்றேன். யானும் பல்லாண்டுகளாகச் சூத்திரத்திலே தொடங்கிச் சூத்திரத்திலே முடித்தவனாதலின், குறை மாணவருடையது மாத்திரமன்று.

எனவே, வரைவிலக்கணத்துக்கு முன்னர்க் கணக்கொன்றைச் செய்வித்தல் நலம். ஒலி வளியிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையேயுள்ள நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். குரல் குரலாகவே வருமாயின், அது வந்து சேரக் கால் மணி நேரம் வேண்டும். வானொலி அலையோ ஒளியைப் போலச் செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் செல்வது. அத்தூரத்தை ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிற் கடந்துவிடும். வந்தது ஒலியன்று என்பதை மாணவன் தன் கணக்கினாலேயே உணர்வான்.

அடுத்து, அலை பிறத்தலைக் காதாற் கேட்பிக்கலாம். வானொலிப் பெட்டியை மத்திய அலையில் நிலையம் எதுவும் கேளாத இடத்தில் வைத்திடுக. அருகே, சிறு மின்கலத்தின் ஒரு முனையோடு இரும்பு அரமொன்றை இணைத்து, மறுமுனையின் கம்பியை அவ்வரத்தின்மீது ஒருகணம் உரசுக. பொறி தெறிக்குந்தோறும், தொடுப்பேதுமின்றியே பெட்டி கரகரக்கும். மக்ஸ்வெல் 1865 இல் வெளியிட்ட கட்டுரையிற் கணிதத்தால் நிறுவிய அலைகளை, 1887, 1888 ஆம் ஆண்டுகளிலே ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹேர்ட்ஸ் மெய்ப்பித்ததும் மின்பொறி கொண்டேயாம். 1895 இல் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ், இத்தகைய அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார்.

அங்ஙனமாயின் குரல் எவ்வாறு வருகின்றது? ஒலிவாங்கி குரலை மின்னோட்டமாக மாற்றுகின்றது. அம்மின்னோட்டம் காவி அலையின் வீச்சத்தையோ மீடிறனையோ குரலுக்கேற்ப மாற்றுகின்றது. பெட்டி அம்மாற்றத்தைப் பிரித்தெடுக்க, ஒலிபெருக்கி வளியை அதிர்விக்கின்றது. கடிதத்தோடு எழுதியவர் வருவதில்லை; அவர் எழுத்தே வருகின்றது. அதுபோலவே, நாம் கேட்கும் ஒலி நம் வீட்டிலேயே புதிதாகப் பிறந்த ஒலியாகும்.

இன்று மாணவர் கையிலுள்ள கைத்தொலைபேசியும் இவ்வினத்து அலைகளாலேயே இயங்குகின்றது. அதனைக் கடதாசியிற் சுற்றி அழைத்தால் மணி ஒலிக்கும். அலுமினியத் தாளில் இடைவெளியின்றிப் பலமுறை சுற்றினாற் பெரும்பாலும் ஒலியாது. இதனைக் காட்டியபின் ஆசிரியன் சற்றே வாளாவிருத்தல் வேண்டும். “உலோகம் ஏன் தடுத்தது?” என்று வகுப்பிலே ஒரு குரலாவது எழும். வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுதற்கு உரிய வேளை அதுவே.