மரக்குழலும் முன்னேற்றமும்

புதியது ஒன்று தோன்றியவுடன் பழையதெல்லாம் பயனற்றதென்று ஒதுக்கிவிடுவது உலக இயல்பு. இது எவ்வளவு அவசரமான முடிவு என்பதை ஐரோப்பிய மரக்குழலின் சரித்திரம் நன்கு விளக்குகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கண்டத்தில் வழங்கிய குழல், விரல்களால் மூடும் ஆறு துளைகளும் ஒரே ஒரு சாவியும் உடையது. பெரும்பாலும் மரத்தாலும், சிறுபான்மை தந்தத்தாலும் செய்யப்பட்டது. பிரஷ்ய மன்னர் பிரடரிக்கின் குழலாசிரியரான குவான்ட்ஸ் 1752-ல் இதன் வாசிப்பு முறையைப் பற்றி விரிவான நூலொன்று வெளியிட்டார். இக்குழலில் சில ஸ்வரங்கள் தெளிந்தும், சில மங்கியும் ஒலிக்கும். இவ்வேற்றுமையே அதன் அழகு.

மியூனிக் நகரத்துப் பொற்கொல்லரும் குழல் வித்வானுமான தியோபால்ட் போம் இதை நீக்க முற்பட்டார். உருளை வடிவான உட்புறமும், பெரிய துளைகளும், அவற்றை மூடச் சாவிகளும் கொண்ட குழலை 1847-ல் அமைத்தார். ஸ்வரங்கள் யாவும் சமமாக ஒலித்தன, நாதமும் பெருகிற்று. வாத்திய கோஷ்டிகள் நாளடைவில் அதனை மேற்கொண்டன. லண்டன் ரூடால்-ரோஸ் போன்ற தொழிலாளர் செய்த அருமையான மரக்குழல்கள் மலிவு விலைக்கு வந்தன.

அவற்றை ஆதரித்தோர் யார்? அயர்லாந்தின் கிராமவாசிகளே. விரல் நேரே துளையைத் தொடுவதால் எழும் வழுக்கலும் அசைவும் அவர்களுடைய நடன இசைக்கு மிகவும் இசைந்தன. லீட்ரிம் ஜில்லாவில் பிறந்த ஜான் மக்கென்னா அமெரிக்கா சென்று, 1920-களில் நியூயார்க்கில் இசைத்தட்டுகளில் வாசித்து அவ்விசையைப் பரப்பினார். இன்று அயர்லாந்திலும் பிற நாடுகளிலும் தொழிலாளர் பழைய குழல்களை அளந்து, அவ்வாறே புதியன கடைந்து வருகின்றனர்.

ஆயினும் மரக்குழலைப் பெற்றால் மட்டும் போதாது; பேண வேண்டும். லண்டன் குழல்கள் பலவற்றின் தலைப்பகுதியில் உலோகக் குழாய் பொருத்தியிருக்கும். வறண்ட காற்றில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, ஆகவே மரம் வெடிக்கும். வாசித்தபின் உட்புற ஈரத்தைத் துணியால் துடைக்கவேண்டும். அவ்வப்போது வாதுமை எண்ணெய் போன்றதொன்றை இலேசாகப் பூசவேண்டும். இணைப்புகளில் சுற்றிய நூல் தளர்ந்தால் திரும்பச் சுற்றவேண்டும். புதுக்குழலை முதற் சில வாரங்கள் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்கு மேல் வாசிக்கலாகாது.

மரத்தைப் பற்றியும் கவலை உண்டு. இன்று குழலுக்குப் பெரிதும் உபயோகமாகும் ஆப்பிரிக்கக் கருமரம் டான்சானியா, மொஸாம்பிக் காடுகளில் மெதுவாக வளர்வது. அதன் சர்வதேச வியாபாரம் 2017 முதல் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முடிந்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019-ல் விலக்கு அளிக்கப்பட்டது.

போமின் திறமையை நாம் குறைகூறவில்லை. பெரிய சபைகளுக்கு அவருடைய குழல் ஏற்றதே. ஆனால் ஒருவருக்கு வேண்டாததாயிற்று என்பதனால் ஒரு வாத்தியம் மதிப்பற்றதாகிவிடாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றியதால் மரக்குழல் பிழைக்கவில்லை. ஏழை எளியவர் அதை நாள்தோறும் ஊதி, எண்ணெயிட்டு, பழுதுபார்த்ததனாலேயே பிழைத்தது. எந்தக் கலைக்கும் இதுவே காப்பு.