கயிலை யாத்திரைக்கு ஆயத்தம்

சுசீந்திரத்தில் மார்கழித் தேரின் வடம் பிடிக்கும் அன்பர் பலருக்கும், வாழ்நாளில் ஒருமுறையேனும் கயிலைமலையை நேரிற் கண்டு தொழவேண்டும் என்னும் வேட்கை உண்டு. இந்திய அரசின் ஏற்பாட்டில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய கயிலை மானசரோவர் யாத்திரை, 2020 முதல் ஐந்தாண்டுகள் தடைப்பட்டு, 2025இல் மீண்டும் நடைபெறலாயிற்று. வேட்கை ஒன்றே அம்மலைக்குப் போதுமா? உடலையும் மூட்டையையும் எவ்வாறு ஆயத்தம் செய்வது? இதனைச் சிறிது சிந்திப்போம்.

நாம் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மானசரோவரமோ ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது. கயிலையை வலம்வருவோர் கடக்கவேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டரை எட்டுவது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் நம்மூரில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகின்றது. இங்கே 100 பாகையிற் கொதிக்கும் நீர், மானசரோவரக் கரையில் ஏறத்தாழ 85 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி செவ்வனே வேகாது. உலைநீரின் இயல்பே மாறும் இடத்தில், உடல் மட்டும் மாறாதிருக்குமா?

அம்மாற்றத்துக்கு உடல் பழக நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு கொள்வதும் மருத்துவர் வகுத்த நெறி. லிபுலேக் கணவாய் நோக்கிய மோட்டார்ச் சாலை 2020இல் திறக்கப்பட்டபின், முன்னோர் பல நாள் நடந்தேறிய வழி சுருங்கிவிட்டது. கால்களுக்கு இது நன்மையே. ஆயினும் நுரையீரல் பழகுவதற்கு இருந்த நாட்களும் உடன் சுருங்கின. ஆதலால் இடைவழியில் தங்கும் ஓய்வு நாளை வீண் நாள் என்று எண்ணலாகாது.

நடைக்குப் பயிற்சி நம் நாட்டிலேயே உண்டு. மகாசிவராத்திரியில் திருமலை முதல் திருநட்டாலம் வரை பன்னிரு சிவாலயங்களுக்கு ஓடும் அன்பர்கள், கையில் பனையோலை விசிறியும் உடன் சிறு துணிப்பையும் தவிர வேறு என்ன சுமக்கின்றனர்? சுமை குறைந்தால் வழி எளிதாகும் என்பதை அவர்கள் நமக்குக் கற்பிக்கின்றனர். ஆறு மாதம் முன்பே நாள்தோறும் நடந்து, பின்னர் முதுகிற் பையுடன் மருத்துவாழ்மலை ஏறி இறங்கிப் பழகுக. அப்பழக்கத்திலேயே புதுச் செருப்புக்கடி தீரவேண்டும். யாத்திரையின் முதல் நாளில் புதுக் காலணி அணிவது தீது.

இனி மூட்டை. பருத்தி ஆடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிர்விக்கும். ஆகவே உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை ஆடை, அதன்மேற் கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என அடுக்கடுக்காக அணிக. கம்பளிக் காலுறை, கையுறை, குல்லாய், பனியொளி தாக்காத கறுப்புக் கண்ணாடி இன்றியமையாதன. நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் அங்கே கட்டியாக உறையும். உதட்டு வெடிப்புக்கு வாசலின் கொள்க. பசி குன்றும் வேளைக்குக் கருப்பட்டி, சுக்கு, அவல், வறுகடலை உதவும். துணிகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பையின் அடியிலும், கனமானவற்றை முதுகை ஒட்டியும், மழையங்கியை மேலேயும் வைக்க. மருந்தையும் தண்ணீரையும் மட்டக்குதிரையின் மேல் ஏற்றிவிடாது தம்மிடமே வைத்துக்கொள்ளல் வேண்டும்; குதிரை முன்னே போய்விட்டால் மருந்தும் போய்விடும்.

எல்லாவற்றினும் பெரிது ஒன்றுண்டு. அரசு யாத்திரைக்கு 18 முதல் 70 வரையுள்ள வயதும் மருத்துவச் சோதனையும் விதிக்கப்பட்டுள்ளன. இருதய நோயையோ இரத்த அழுத்தத்தையோ மறைத்துச் செல்வது பக்தி ஆகாது. மலையில் தலைவலியும் குமட்டலும் தோன்றினால், அவை தீருமட்டும் மேலே ஏறலாகாது. ஓய்விலும் மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, அறிவு தடுமாறினாலோ உடனே கீழே இறங்கவேண்டும். பிராணவாயுவும் மருந்தும் இறங்கும்வரை துணைசெய்வனவே. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்னும் எண்ணமே அங்கே உயிர்க்குப் பகை. உடன்வந்தாரையும் அது இடருக்குள்ளாக்கும்.

திரும்பியவர் கயிலையை இழந்தாரோ? அப்பரடிகள் காலும் கையும் மார்பும் தேய அம்மலை நோக்கிச் சென்ற வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் உரைத்துள்ளார். உடல் அழியினும் மீளேன் என்ற அவ்வுறுதி அவர்க்கே உரியது, நம்மனோர்க்கு அளவுகோலன்று. அவரையும் இறைவன் மலைமேல் அழைக்கவில்லை. பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றிலே கயிலைக் காட்சி தந்தருளினான். காவிரிக் கரைக்கு வந்த கயிலை, பழையாற்றங்கரைக்கு வாராதோ? இத்தெளிவோடு மூட்டை கட்டுவோர்க்கு ஏறுவதும் வழிபாடே; இறங்குவதும் வழிபாடே.